ஒழுகும் தளமும் அவசரக் கரணையும்

கோடையில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் செய்தியில் வரும்போது வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி இருக்கும். அந்த வெயிலை முதலில் வாங்குவது மொட்டைமாடி. கான்கிரீட் சூட்டில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளத்தில் 30 டிகிரி வெப்பம் ஏறி இறங்கினால் அது சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவுதான். ஆனால் சித்திரை, வைகாசி முழுக்கத் தினமும் நடக்கிற அசைவு. ஆடி மாதம் மாலையில் இடிமழை பிடிக்கும்போது, பகலெல்லாம் கொதித்த தளம் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இருக்கும் விரிசல், மழை விழும் அதே நேரத்தில் வாய் திறக்கிறது.

ஆடிக் கிருத்திகையும் அப்போதுதான் வருகிறது. காவடி எடுத்து வரும் உறவினர்கள் வீட்டில் வந்து தங்குவார்கள். கூடத்தின் கூரையில் பழுப்பாக ஒரு ஓதக் கறை இருந்தால் வீட்டாருக்குப் பொறுக்காது. ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு கிலோ ஒயிட் சிமெண்டும் பட்டியும் வரும். ஸ்டூல் போட்டு ஏறி, கறையைச் சுரண்டி, பூசி, காய்ந்ததும் பெயின்ட் அடித்துவிட்டால் கூரை புதிதாகத் தெரியும். இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்லவே இந்த அத்தியாயம். வீட்டு வேலையை நாமே செய்துகொள்வதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. இந்த நூலே அதற்காகத்தான். ஆனால் தளத்தில் தண்ணீர் வெளியே வரும் வாயைக் கீழிருந்து அடைப்பது மட்டும், எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவு ஆபத்தான வேலை.

அனுபவமுள்ள மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள்.

“மேஸ்திரி, மேல ஏறாமலே கீழ மட்டும் பூசிட முடியாதா? கிருத்திகைக்கு ஆளுங்க வராங்க.”

“பூசிடலாம்மா. கறை மறைஞ்சிடும். அப்புறம் அந்தத் தண்ணி எந்தப் பக்கம் போவும்னு என்னைக் கேக்காதீங்க.”

அவர் சொல்வதன் பொருளை விளக்கமாகப் பார்ப்போம்.

உள்ளே அடைபட்ட தண்ணீர்

தளத்துக்குள் இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே வருவதில்லை. கான்கிரீட்டில் எங்கே இளக்கமோ அந்த வழியே பக்கவாட்டில் ஓடும். தளத்துக்குள் புதைத்த ஒயர் குழாய் அதற்கு ராஜபாட்டை. அதனால்தான் நடுக்கூடத்து ஃபேன் கொக்கியில் சொட்டும் தண்ணீர், பத்தடி தள்ளி மாடிப்படிப் பக்கத்து மூலையில் இறங்கியதாக இருக்கும். கீழே கறையை அடைத்ததும் அது அடுத்த வாயைத் தேடும். பெரும்பாலும் அகப்படுவது லைட் பாயின்ட் பெட்டி.

ஆகவே முதல் வேலை பூச்சு அல்ல. ஃபேன், லைட் அருகே ஈரம் தெரிந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். ஈரம் காய்ந்து எலக்ட்ரீஷியன் சோதிக்கும் வரை ஏற்ற வேண்டாம். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் இல்லாத வீடென்றால், பெயின்ட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.

இரண்டாவது கெடுதல் மெதுவாக நடப்பது. கூரைக் கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில்தான் முக்கியக் கம்பிகள் ஓடுகின்றன. அறையின் மேல் நிற்கும் பாரத்தில் தளம் வளையப் பார்க்கும். அந்த இழுவையைத் தாங்குவது அந்தக் கம்பிகள். அவற்றை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் கட்டட விதிப்படி குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பல வீடுகளில், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் கான்கிரீட் போட்டுவிட்டதால், விரற்கடை அளவுகூட இருக்காது. தண்ணீரும் காற்றும் கம்பியைத் தொட்டால் துரு. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கம்பி ஓடும் வாக்கில் நேர்கோடாக ஒரு விரிசல், பிறகு லேசான புடைப்பு, கடைசியில் பலகை பலகையாகப் பேந்து விழும்.

பட்டியும் பெயின்ட்டும் முன்கூட்டித் தெரியவேண்டிய இந்த இரண்டு அடையாளங்களையும் மறைத்துவிடுகின்றன. வெளியேற வழியில்லாத ஈரம் கம்பியோடு இன்னும் அதிக நாள் தங்குகிறது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ விழுவது பூச்சாக இருக்காது, கான்கிரீட்டாக இருக்கும். அது எந்த நேரத்தில், கட்டிலில் யார் படுத்திருக்கும்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூரையை நீங்களே சோதிக்கலாம். சுத்தியலின் மரப்பிடியால் ஓரடிக்கு ஓரிடமாக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும். பிரிந்துபோன இடம் ‘டொப்’ என்று பொத்தலாகக் கேட்கும். தலையில் கெட்டித் தொப்பியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தட்டுங்கள். பொத்தல் சத்தம் வரும் பரப்பைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறித்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் கட்டிலை அன்றே நகர்த்திப் போடுங்கள்.

விழுந்த துண்டையும் எடுத்துப் பாருங்கள். அரை அங்குலக் கனத்தில், மணலும் சிமெண்டுமாக மட்டும் இருந்தால் பூச்சு பெயர்ந்திருக்கிறது, பெரிய கவலையில்லை. துண்டில் ஜல்லி இருந்தால், மேலே துருக்கம்பி கண்ணுக்குத் தெரிந்தால், அது கட்டடத்தின் பலம் சம்பந்தப்பட்ட விஷயம். இஞ்சினியர் பார்க்காமல் அதன்மேல் ஒரு கரணைக் கலவைகூட வைக்க வேண்டாம்.

சன்ஷேடும் பால்கனியும்

இதைத் தனியே சொல்லக் காரணம் இருக்கிறது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சன்ஷேட், பால்கனி இரண்டிலும் கணக்கு தலைகீழ். முக்கியக் கம்பிகள் மேல்பக்கத்தில் ஓடும், ஏனென்றால் இழுவை அங்கேதான். சன்ஷேட்டில் தண்ணீர் நிற்கிறது, வாட்டம் சரியில்லை என்று உளியெடுத்து மேலே கொத்தினால், அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கம்பியையே கொத்துகிறோம். கொத்தியவர் நிற்பதும் பெரும்பாலும் அதே சன்ஷேட்டின் மேல்தான். சன்ஷேட்டின் மேல் ஏறி நின்று எந்த வேலையும் செய்யக் கூடாது, பெயின்ட் அடிக்கக்கூட. ஏணியோ சாரமோ போட்டுத்தான் செய்ய வேண்டும். மேலே சேர்ந்த மண், அரசங்கன்று, ஆலங்கன்று ஆகியவற்றை அகற்றலாம். வேர் உள்ளே போயிருந்தால் பிடுங்கி இழுக்காமல், அறுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சுண்ணாம்புத் தளம் உள்ள பழைய வீடு

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் கட்டி இன்னும் நிற்கிற பழைய வீடு உங்களுடையது என்றால், மேலே இருப்பது கான்கிரீட்டாக இல்லாமல் போகலாம். மெட்ராஸ் டெரஸ் என்னும் சுண்ணாம்புத் தளமாகவே இருக்கக்கூடும். அண்ணாந்து பார்த்தாலே தெரியும்: வரிசையாக மர உத்தரங்கள், அவற்றுக்கு மேல் மெல்லிய செங்கற்கள் பக்கவாட்டில் நிமிர்ந்து, மூலைவாக்கில் அடுக்கியிருக்கும். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. என்னைக் கேட்டால், இந்த ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல கூரை இன்னும் வரவில்லை.

இந்தத் தளம் ஒழுகும்போதுதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. ‘மேலே ரெண்டு அங்குலம் சிமெண்ட் காங்கிரீட் போட்டு மூடிட்டா தீர்ந்தது’ என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பதினைந்து அடி அறையின் மேல் ஒரே ஓர் அங்குலச் சிமெண்ட் கலவை ஏறக்குறைய முக்கால் டன். இரண்டு அங்குலம் என்றால் ஒன்றரை டன். அத்தனை பாரமும் வயதான உத்தரங்களின் மேல்.

பாரத்தைவிடக் கொடியது ஈரம். சுண்ணாம்பு தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். சிமெண்ட் மூடிவிட்டால் அந்த மூச்சு நின்றுபோகும். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் மேலே வரமுடியாமல், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனையில் போய்த் தங்கும். அந்த முனை கண்ணில் படாது. நடு உத்தரம் வழவழவென்று நன்றாக இருக்கும்போதே முனை உளுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு உத்தரத்தையும், சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். தேக்கு என்றால் நுனி உள்ளே இறங்கக் கூடாது. மெத்தென்று இறங்கினால், அல்லது கரையான் மண் தெரிந்தால், அந்த உத்தரத்துக்குக் கீழே முட்டு கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

இந்தத் தளத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய வேலை சின்னது, மலிவானது. உடைந்த தட்டோடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லி கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுண்ணாம்பும் சுருக்கி என்னும் செங்கல் பொடியும் கலந்த கலவையில் புது ஓடு பதியுங்கள். சந்துகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து அதே கலவையால் பூசுங்கள். சிமெண்ட் மட்டும் வேண்டாம். சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீங்களே நீற்ற வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். நீற்றிய சுண்ணாம்பையே வாங்குங்கள். நகரி, புத்தூர் பக்கத்திலோ உங்கள் தெருவிலோ சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தால், கூலி பேரம் பேசாதீர்கள்.

மேலே ஏறி என்ன பார்ப்பது

மழையே இல்லாத வாரத்திலும் கறை ஈரமாக இருந்தால் மழையை விட்டுவிடுங்கள். மேல்நிலைத் தொட்டி, மாடிக் குளியலறை, குழாய் இந்த மூன்றில் ஒன்று. சந்தேகமாக இருந்தால், கறையின் மேல் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் கூரைக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் கசிவு உள்ளேயிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

மாடியில் முதலில் நாமே போட்ட ஓட்டைகளைத் தேடுங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கு அடித்த போல்ட், தகரக் கொட்டகையின் கால், சோலார் ஸ்டாண்ட், துணிக்கொடிக் கம்பம் எல்லாமே தளத்தைத் துளைத்து நிற்பவை. என் எண்ணத்தில், புது வீடுகளின் ஒழுக்கில் பெரும்பங்கு இந்தத் துளைகளுக்குத்தான் சேரும். கம்பத்தைச் சிமெண்ட் கட்டைமேல் நிறுத்தினால் ஒரு துளையும் வேண்டாம். அடுத்து மழைநீர்க் குழாயின் வாய். குழாயைச் சுற்றிய சந்தும், அதை அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகும். பிறகு தொட்டியின் கால்கள், கடைசியாகக் கைப்பிடிச் சுவர் மூலை.

எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்க ஹோஸ் குழாய் போதும். தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுங்கள். கீழே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். ஈரம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் வாய்களை அடைத்து மாடி முழுக்கத் தண்ணீர் தேக்கும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். 300 சதுர அடித் தளத்தில் இரண்டு அங்குலம் தேக்கினால் 1,400 கிலோ ஏறும். நல்ல கான்கிரீட் தாங்கும். உங்கள் கான்கிரீட் நல்லதா என்று தெரியாமல்தானே சோதிக்கிறீர்கள். சுண்ணாம்புத் தளத்தில் அந்தச் சோதனை கூடவே கூடாது.

வாட்டத்தையும் பாருங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்பது மேஸ்திரிகள் சொல்லும் கணக்கு. மழை விட்ட மறுநாள் காலையில் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே வாட்டம் இல்லை.

அடைக்கும் விதம்

தளம் வெயிலில் அசைகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் பயன்படும். அசையும் விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றினால் அடுத்த வெயிலில் அதே கோட்டில் பிளக்கும். மேல்பூச்சை மட்டும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கீறி, தூசியை நன்றாகத் துடைத்து, நீண்டு கொடுக்கும் பாலியூரிதேன் சீலன்ட்டை நிரப்புங்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை பூசி, தண்ணீர் உட்காராதபடி செய்யுங்கள். அந்தப் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும்; நம் ஊர்க் கோடையில் பத்து நாள். ஈரச் சாக்கு போட்டு மூடாமல், காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவது நீராற்றுவதாகாது. பத்து மணிக்கே ஆவியாகிவிடும்.

அதற்கு மேல் நீர்காப்புப் பெயின்ட் அடிப்பதென்றால் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் வெயிலில் உள்நீர் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாக எழும். நடுப்பகலில் அடித்தால் பிரஷ்ஷில் இருக்கும்போதே காய்ந்து தளத்தில் ஒட்டாது. காலை எட்டு மணிக்குள், இரண்டு கோட். முதல் கோட் வடக்கு தெற்காக என்றால் இரண்டாவது கிழக்கு மேற்காக. வெள்ளை நிறமே நல்லது. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தளத்தின் சூடும் அசைவும் இரண்டும் குறையும்.

மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். ஆடியில் ஒழுகினால், கிருத்திகை முடியும் வரை கீழே ஒரு வாளியை வையுங்கள். விருந்தாளிகள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கம்பி தெரிந்துவிட்டால்

இந்த வேலையை உங்கள் கையால் செய்யாதீர்கள். ஆனால் சரியாக நடக்கிறதா என்று கண்காணிக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே கசிவு நின்ற பிறகே கீழே வேலை. முதலில் முட்டு. பிறகு பொத்தலான கான்கிரீட் முழுவதையும், துரு முடிந்து பளிச்சென்ற கம்பி தெரியும் வரை கொத்த வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடம் விட வேண்டும். ஒயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்த பின் கம்பி கால்பங்கு மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துரு தடுக்கும் பூச்சு, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சு, அதன்பின் பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும்.

விழுந்த இடத்தை மட்டும் வட்டமாக அடைத்துவிட்டுப் போகும் ஆள் வந்தால் தடுத்து நிறுத்துங்கள். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பித் துண்டு காப்பாற்றப்படும். அதே கம்பி பழைய, ஈரம் ஏறிய கான்கிரீட்டுக்குள் நீளும் இடத்தில் துரு முன்னைவிட வேகம் பிடிக்கும். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகக் கான்கிரீட் மறுபடி பேந்து விழுவது இதனால்தான்.

விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிறது, கதவு திடீரென்று இறுகுகிறது, சுவரில் ‘படக்’ என்று சத்தம் கேட்கிறது என்றால் பழுது பார்ப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆட்களை வெளியேற்றுங்கள். ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு சரிந்தது. அதற்கு முன்பே விரிசல் பெரிதாவதைப் பார்த்துச் சுற்றிலும் இருந்தவர்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். சென்னை திருவொற்றியூரில் 1993-இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் ஒன்றாக இடிந்து விழுந்தன. விரிசல் விடுவதைக் கண்டு குடியிருந்தவர்கள் உடனே வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த விரிசல்களுக்கு மேல் யாராவது முந்திய வாரம் அழகாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

கூரைக்கு எப்போது பெயின்ட்

மேல்வேலை முடிந்ததும் கூடத்துக் கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, அப்படியே விட்டுவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் அதைப் பாருங்கள். மார்கழி கழிந்தும் கறை கோட்டைத் தாண்டவில்லை, தொட்டால் கை ஈரமாகவில்லை என்றால், தை பிறந்ததும் சுரண்டிப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடியுங்கள். தாண்டியிருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்; மாசியில் ஹோஸ் குழாயோடு மறுபடி மாடி ஏறி, சென்ற முறை தண்ணீர் விடாமல் விட்ட மூலையிலிருந்து தொடங்குங்கள்.